மூடி போட்டால் மூடியதாகுமா?

2019 அக்டோபரில், தீபாவளி சமயத்தில், மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். நாலு நாள் டி.வி. முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். அதன்பிறகு பல ஊர்களில் தண்ணீர் வற்றிய போர்களைத் தேடித் தேடி மூடினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எப்படி மூடினார்கள்? சில இடத்தில் வாயில் ஒரு பிளாஸ்டிக் மூடி, சில இடத்தில் ஒரு கல். குழந்தை விழாமல் இருக்க உறுதியான மூடி போதும். நிலத்தடி நீருக்கு அது போதாது என்பதே என் கருத்து.

காரணம் சொல்றேன். நம்ம பக்கம் பாறை நிலம். போர் போடும்போது மேல் மண் சரியாமல் இருக்க, பாறை வரைக்கும்தான் கேசிங் பைப் இறக்குவாங்க. அதற்குக் கீழே வெறும் துளைதான். பாறை வெடிப்புகள் வழியாகத்தான் தண்ணீர் வருகிறது. அதே வெடிப்பு அடுத்த வீட்டு போருக்கும் போகலாம். நம்ம போர் வற்றிவிட்டாலும் அந்தப் பாதை அப்படியேதான் இருக்கும்.

இந்தப் பாதையில் சிலர் என்ன விடுகிறார்கள் தெரியுமா? எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் கக்கூஸ் தொட்டி நிரம்பி வழியும் தண்ணீருக்குப் பழைய போரில் பைப் கொடுத்திருக்கிறார்கள். மேலே பார்த்தால் மூடி அழகாக இருக்கும்! "வண்டி கூப்பிட்டு எடுக்கிற செலவு மிச்சம்" என்று பெருமையாக வேறு சொல்கிறார்கள். செலவு மிச்சம் அவர்களுக்கு, தண்ணீர் எல்லோருக்கும்.

கழிவுநீர் மண்ணில் மெதுவாக இறங்கினால் மண் ஓரளவு வடிகட்டும். போருக்குள் விட்டால் வடிகட்ட எதுவும் இல்லை, கிருமி நேராகப் போகும். நைட்ரேட்டும் சேரும். குடிநீரில் நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கூடினால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.

அமெரிக்காவில் இப்படி நிலத்துக்குள் கழிவை விடும் கிணறுகளுக்கென்றே தனி விதிகள் உண்டு. 1974-இல் வந்த குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை அவை. பல வீடுகளின் கக்கூஸ் கழிவை அப்படியே வாங்கும் பெரிய குழிகளை 2005 ஏப்ரலுக்குள் மூடிவிட வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். நம்ம நாட்டிலும் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது: கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கூழாங்கல் போட்டு நிரப்ப வேண்டும். மூடி போடுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை, கவனியுங்கள்.

"அவ்வளவு ஆழத்தை எப்படிப்பா நிரப்புறது, கட்டுப்படியாகுமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறரை அங்குல போர், 600 அடி ஆழம். பை ஆர் ஸ்கொயர், பெருக்கல் உயரம். சுமார் 138 கன அடி வருகிறது. நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் ஒன்றரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும்! போர் போட்ட செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. கல் நடுவில் சிக்கினால் கீழே வெற்றிடமாக நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மேல்பகுதியில் களிமண்ணோ சிமெண்டோ போட்டு இறுக்கினால்தான் தெருத்தண்ணி இறங்காது. குப்பையைப் போட்டு நிரப்புவது எல்லாவற்றையும் விட மோசம்.

மழைநீர் விடலாமே என்பீர்கள். மொட்டை மாடித் தண்ணீரை, வடிகட்டும் தொட்டி கட்டி, வருஷா வருஷம் சுத்தம் செய்து விடுவதாக இருந்தால் சரி. சுத்தம் செய்ய ஆளில்லாத போரை நிரப்பிவிடுவதே மேல். குளியலறைத் தண்ணீரையும் அதில் சேர்த்துவிட்டு அதற்கு மழைநீர் சேகரிப்பு என்று பெயர் வைக்காதீர்கள், ப்ளீஸ்.

எங்கள் ஊராட்சிக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். முதலில் கழிவு பைப்பைத் துண்டிக்க வேண்டும், பிறகு போரை அடிவரை நிரப்ப வேண்டும் என்பதே கோரிக்கை. உங்கள் தெருவில் இப்படி போர் இருந்தால் இடத்தை எழுதிக் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறேன். மதிய இடைவேளையில் பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருப்பேன்.