ஓய்வுக்காலத்தில் எங்கே வாழ்வது? அகதியாக வந்தோர் போடவேண்டிய கணக்கு

தை பிறந்தால் வரிப் படிவக் காலமும் பிறந்துவிடும். நியூ ஜேர்சியில் வருமான வரிப் பத்திரங்களோடு எம்முன் வந்து அமரும் எம்மவர்களில் பலர் இப்போது ஐம்பதைக் கடந்தவர்கள். கையெழுத்து வைத்து முடித்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணை, மாதம் ஆயிரம் டொலர் இருந்தால் யாழ்ப்பாணத்தில ராசா மாதிரி இருக்கலாம் எண்டு யூரியூப்பில சொல்லுறாங்கள். உண்மையோ?"

சிலருக்கு அது யாழ்ப்பாணம், சிலருக்குச் சென்னை, சிலருக்குத் தாய்லாந்து. பே ஏரியாவிலும் ஹூஸ்டனிலும் இருக்கும் உறவினர்கள் தொலைபேசியில் கேட்பதும் இதையே. அரிசி என்ன விலை, வீட்டு வாடகை எவ்வளவு என்ற பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் விலைப்பட்டியல் கடைசியாகப் பார்க்கவேண்டியது. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் உள்ளன. எமக்கு வரப்போகும் ஓய்வூதியம் எவ்வளவு? போகும் நாட்டில் எந்த அனுமதியோடு தங்கப்போகிறோம்? நோய் வந்தால் யார் பணம் கட்டுவது? மாணவராகவோ தொழில் வீசாவிலோ வந்தவரின் விடையும் அகதியாக வந்தவரின் விடையும் ஒன்றல்ல.

வெற்று ஆண்டுகள்

அமெரிக்க சோஷல் செக்யூரிட்டி ஓய்வூதியம் பெறுவதற்கு 40 புள்ளிகள், அதாவது ஏறத்தாழப் பத்து ஆண்டு உழைப்பு, தேவை. இதை எம்மவர் அறிவர். தொகையைக் கணக்கிடும்போது அதிகம் உழைத்த 35 ஆண்டுகளை எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள் என்பதைப் பலர் அறியார். 35 ஆண்டு இல்லாவிட்டால் மீதி ஆண்டுகளுக்குப் பூச்சியம் போடப்படும். நாம் ஊரில் உழைத்த ஆண்டுகளும் கொழும்பில் வீசாவுக்குக் காத்திருந்த ஆண்டுகளும் இங்கே பூச்சியம்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1964இல் பிறந்து, 2001இல் 37 வயதில் வந்தவர். 2026இல் 62 வயது. 25 ஆண்டு உழைப்பு, இன்றைய மதிப்பில் ஆண்டுக்குச் சராசரி 48,000 டொலர் என்று வைப்போம். மொத்தத்தை 35 ஆண்டின் 420 மாதங்களால் வகுத்தால் மாதம் 2,857 டொலர். இவ்வாண்டு 62 வயதாகிறவர்களுக்கு, இதில் முதல் 1,286 டொலரில் 90 வீதமும், அதற்கு மேல் 7,749 டொலர் வரையான பகுதியில் 32 வீதமும் ஓய்வூதியமாகிறது. விடை 1,660 டொலர். அது 67 வயதில் எடுத்தால். 62இலேயே எடுத்தால் 30 வீதம் வெட்டப்பட்டு 1,162 டொலர். 67 வரை அதே சம்பளத்தில் வேலைசெய்து பிறகு எடுத்தால், ஐந்து பூச்சியங்கள் அழிந்து, 1,843 டொலர் அளவுக்கு வரும்.

இதில் ஆறுதலும் உண்டு. இந்தச் சூத்திரம் குறைந்த வருமானக்காரருக்குச் சாதகமானது. பத்து ஆண்டு வெற்றாக இருந்தும், 35 ஆண்டும் இதே சம்பளம் உழைத்தவருக்கு வரும் 2,026 டொலரை விட 366 டொலர்தான் குறைவு. பூச்சியமாக இருக்கும் ஓர் ஆண்டை உழைப்பால் நிரப்பினால் மாதம் 36 டொலர், ஆயுள் முழுவதும். "இன்னும் ஒரு வருசம் வேலை செய்து என்ன வரப்போகுது" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

கைக்காசுக்கு உழைத்தவர்களுக்கு இந்த ஆறுதல் இல்லை. பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் பிள்ளை பராமரிப்பிலும் ஆண்டுக்கணக்காக உழைத்த எம் பெண்கள் பலரின் பெயரில் ஒரு புள்ளிகூட இல்லை. கணவரின் பதிவில் பாதிவரை மனைவிக்குக் கிடைக்கும். ஆனால் அதுவும் 67 வயதில்தான் பாதி. 62இல் எடுத்தால் 32.5 வீதமாகச் சுருங்கிவிடும்.

தாமதமான கடுதாசிகள்

அடுத்தது எங்கள் சமூகத்துக்கே உரிய சிக்கல். 1997 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் அமைப்பு அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2001, 2005 சட்டத் திருத்தங்களுக்குப் பின், ஒரு வேளை சோறு கொடுத்ததும், மிரட்டலுக்குப் பயந்து பணம் கட்டியதும் "பொருளுதவி" என்று எண்ணப்பட்டன. 2007 முதல் வற்புறுத்தலால் கொடுத்தோருக்கு விலக்களிக்கும் வழி திறந்தது. அதற்குள்ளும் அதற்குப் பின்னும் பலரின் கிறீன் கார்ட் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. வேலை அனுமதி இருந்ததால் வரியும் கட்டினார்கள், புள்ளியும் சேர்ந்தது. குடியுரிமை மட்டும் வரவில்லை.

அந்தத் தாமதத்தின் விலை இப்போதுதான் தெரிகிறது. 2025 யூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரவுசெலவுச் சட்டத்தின்படி, அகதி அல்லது புகலிடம் பெற்றவர் என்ற தகுதி மட்டும் உள்ளவருக்கு இனி மெடிக்கேர் மருத்துவக் காப்பு இல்லை. குடியுரிமை அல்லது கிறீன் கார்ட் வேண்டும். ஏற்கெனவே பெறுகிறவர்களுக்கும் 18 மாத அவகாசம் மட்டுமே. அது 2027 சனவரித் தொடக்கத்தில் முடிகிறது. இருபது ஆண்டு மெடிக்கேர் வரி கட்டியவரும் இதில் அடங்குவார். அறுபதைத் தாண்டியும் கிறீன் கார்ட் கோப்பு அசையாமல் இருப்பவர்கள், எந்த நாட்டில் ஓய்வெடுப்பது என்று யோசிக்க முன்னர் குடிவரவுச் சட்டத்தரணியைப் பார்க்கவேண்டும்.

வெளிநாட்டில் வாழும் எண்ணமிருந்தால் குடியுரிமை இன்னும் முக்கியமாகிறது. குடியுரிமை பெற்றவருக்குக் கியூபா, வடகொரியா போன்ற மிகச்சில இடங்கள் தவிர எங்கும் ஓய்வூதியம் வரும். பெறாதவருக்கு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் வேறு விதிகள் குறுக்கிடும். ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் கிறீன் கார்டே கேள்விக்குள்ளாகும்.

மூன்று மாநிலம், மூன்று வரி

இங்கேயே இருந்தால் என்ன? நியூ ஜேர்சியில் சராசரி வீட்டு வரி 2024இல் ஆண்டுக்கு 10,000 டொலரைத் தாண்டியது. நாட்டிலேயே மிக அதிகமான வரிகளில் ஒன்று. ஆனால் 65 வயதைக் கடந்த வீட்டுக்காரருக்கு வரியில் பாதியை, 6,500 டொலர் உச்சவரம்புவரை, மற்றச் சலுகைகளோடு சேர்த்துத் திருப்பித்தரும் 'ஸ்டே நியூ ஜேர்சி' திட்டம் இவ்வாண்டு நடைமுறைக்கு வந்திருக்கிறது. விண்ணப்பிக்காதவருக்கு எதுவும் வராது. அந்த வீட்டில் தாமே வாழவும் வேண்டும்.

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, வீட்டு வரி கடுமை. ஆனால் 65 வயதானதும் பாடசாலை வரித் தொகை உறைந்துவிடும். கலிபோர்னியாவில் 1978இன் 13ஆம் முன்மொழிவால், வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 வீதத்துக்கு மேல் ஏறாது. அதனால் தொண்ணூறுகளில் ஃபிறீமொன்ரில் வீடு வாங்கியவர், புதிதாக வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவதில் ஒரு சிறு பகுதியையே கட்டுகிறார்.

அதே ஃபிறீமொன்ற் வீட்டில் ஒரு பொறியும் இருக்கிறது. வீட்டை விற்கும் இலாபத்தில் தம்பதியருக்கு 5 இலட்சம் டொலர்வரை வரியில்லை. ஆனால் விற்பதற்கு முந்திய ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டாவது அதில் வாழ்ந்திருக்கவேண்டும். வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு ஊரில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்து விற்றால் அந்தச் சலுகை போய்விடும். வாடகை வருமானம் என்று மகிழ்ந்தது வரியாகத் திரும்பிப் போகும்.

எல்லை தாண்டினால்

எமக்குப் பக்கத்து நாடு கனடா. சகோதரங்கள் ஸ்காபரோவில் இருக்க நாம் மட்டும் இங்கே ஏன் என்ற ஏக்கம் பலருக்கு. கனடாவில் ஓய்வுபெற்றோருக்கென்று தனி வீசா இல்லை. வருகையாளராக வழமையாக ஆறு மாதம் தங்கலாம். பிள்ளைகள் கனடியக் குடிமக்களாக இருந்தால் பெற்றோருக்கான 'சூப்பர் வீசா' உண்டு. அதற்கு மருத்துவக் காப்புறுதியை நாமே வாங்கவேண்டும். முன்பு கனடாவில் வாழ்ந்து பின் இங்கே வந்தவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தை நாட்டுக்கு வெளியே பெற 20 ஆண்டு வதிவு தேவை. ஆனால் இரு நாட்டு ஒப்பந்தப்படி இங்கு உழைத்த ஆண்டுகளையும் தகுதிக்குச் சேர்க்கலாம். தொகை கனடாவில் வாழ்ந்த ஆண்டுக்கே. எட்டு ஆண்டு என்றால் நாற்பதில் எட்டுப் பங்கு. கேட்காமல் விட்டவர்கள் பலர். இலங்கையோடும் இந்தியாவோடும் அமெரிக்காவுக்கு இத்தகைய ஓய்வூதிய ஒப்பந்தம் இல்லை.

இனி ஊர். 1,162 டொலர் என்பது இன்றைய மதிப்பில் ஏறக்குறைய மூன்றரை இலட்சம் ரூபா. யாழ்ப்பாணத்தில் சொந்த வீடிருந்தால் இருவர் வாழலாம் என்பது உண்மை. எமது ஓய்வூதியம் டொலரில் வருவதும், விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் உயர்வதும் பெரிய பலம். இவ்வாண்டு உயர்வு 2.8 வீதம், எங்கிருந்தாலும் சேரும். லண்டனில் இருந்து ஊருக்குப் போகும் உறவினரின் பிரித்தானிய அரச ஓய்வூதியமோ போன நாளின் தொகையிலேயே உறைந்துவிடும்.

தங்கும் அனுமதி வேறு கதை. 55 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவருக்கு இலங்கை வழங்கும் 'மை ட்ரீம் ஹோம்' வதிவிட வீசாவுக்கு 15,000 டொலர் வைப்பும், மாதந்தோறும் 1,500 டொலரும், துணைக்கு மேலும் 750 டொலரும் கொண்டுவரவேண்டும். மேலே சொன்ன தம்பதி இருவரும் 62இல் ஓய்வூதியம் எடுத்தால் கிடைப்பது 1,702 டொலர். தேவைப்படுவது 2,250. 67வரை பொறுத்திருந்தால், கூடுதல் உழைப்பே இல்லாமல், 2,490. ஐந்து ஆண்டுப் பொறுமை கதவைத் திறக்கிறது. மற்ற வழி இரட்டைக் குடியுரிமை. 2014இன் காணிச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை.

காணியைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. 2025 மார்ச் 28 வர்த்தமானி அறிவித்தல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. எதிர்ப்பும் உயர் நீதிமன்ற இடைக்காலத் தடையும் வந்தபின் அது மீளப்பெறப்பட்டது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் உறுதிகளைத் தேடி அலைந்தவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும்: உறுதி அப்பாவின் பெயரில், அப்பா மறைந்து இருபது வருடம், பங்குகள் நாலு நாட்டில். ஓய்வுக்கால வீடு என்று நாம் கனவு காணும் வளவு சட்டப்படி எங்களுடையதாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். எங்களோடு எடிசனில் வாழும் தமிழ்நாட்டுச் சகோதரர்கள் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டையோடு சென்னையில் காலவரையின்றி வாழலாம். இந்திய மூதாதையர் வழி காட்ட முடியாத எமக்கு அது இல்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டில் சுற்றுலா வீசா பெற்றால் 180 நாட்கள்வரை. தாய்லாந்தில் 50 வயதுக்கு மேல் 8 இலட்சம் பாத் வங்கியில் அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்டினால் ஆண்டு வீசா. மலேசியாவின் 'இரண்டாம் இல்லம்' திட்டத்தின் வெள்ளிப் படிக்கே 150,000 டொலர் வைப்பும் வீடு வாங்குதலும் தேவை.

எங்கே போனாலும் மெடிக்கேர் கூட வராது. சில விதிவிலக்குகள் தவிர வெளிநாட்டு மருத்துவமனைக்கு அது பணம் கட்டாது. பகுதி 'பி'யின் மாதக் கட்டணம் 202.90 டொலரைக் கட்டிக்கொண்டே ஊரில் இருப்பதா, நிறுத்துவதா? நிறுத்திவிட்டு மூன்று ஆண்டு கழித்துத் திரும்பினால் ஆண்டுக்கு 10 வீதமாக, 30 வீதத் தண்டம் ஆயுள்வரை ஒட்டிக்கொள்ளும். முதுமையில் பெரிய நோய் வந்தால் பிள்ளைகளிடம் திரும்பிவருவோம் என்றால் கட்டத்தான் வேண்டும்.

"இருந்தபடியே வருமானம்"

கைகட்டி இருக்க மாதாமாதம் பணம் வரும் என்று விற்கப்படுபவை எம்மிடையே மூன்று: ரூபா வைப்பு, சீட்டு, நண்பர் விற்கும் காப்புறுதி. 2022 தொடக்கத்தில் 50,000 டொலரை 200 ரூபா வீதம் மாற்றி 1 கோடி ரூபாவாகக் கொழும்பில் வைத்தவரை எடுப்போம். 8 வீத வட்டி என்றாலும் ஓராண்டில் 1 கோடியே 8 இலட்சம். அவ்வாண்டு ஏப்பிரலில் அரசு கடன் கட்டமுடியாது என்று அறிவித்தது. டொலர் 360 ரூபா ஆனது. கையில் 30,000 டொலர். வட்டி பெற்றும் 20,000 டொலர் போய்விட்டது. வந்த வட்டிக்கோ அமெரிக்காவில் வரி. இந்திய வைப்பு வட்டிக்கு அங்கே வரி விலக்கு இருந்தாலும் இங்கே இல்லை. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டொலரைத் தாண்டினால் 'எஃப்பார்' அறிக்கை கொடுக்கவேண்டும். அக்காவோடு கூட்டாக வைத்த கணக்கும் அதில் சேரும்.

சீட்டைப் பற்றி நாமே சாட்சி. கணக்கியல் படித்தும், ஊர்ப்பழக்கத்தை நம்பிப் போட்ட சீட்டொன்று இடையில் முறிந்து, பல ஆயிரம் டொலரை இழந்தோம். கையெழுத்திட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட எம்மிடம் இருக்கவில்லை.

உண்மையில் இருந்தபடி வரும் வருமானம் எம் பலருக்கு ஒன்றுதான்: அரசு தரும், விலைவாசியோடு உயரும் அந்த ஓய்வூதியம். அதன் சேமநிதி 2033இல் தீரக்கூடும், அப்போது 77 வீதமே கொடுக்க முடியும் என்று பொறுப்பாளர்களின் 2025 அறிக்கை சொல்கிறது. பயந்து 62இல் எடுப்பது அதற்கு விடையாகாது. வெட்டு வந்தால் முன்னர் எடுத்தவருக்கும் சேர்த்தே வரும்.

ஆகவே இவ்வாண்டு வரிப் படிவத்தோடு நாலு வேலைகளைச் செய்வோம். சோஷல் செக்யூரிட்டி இணையக் கணக்கைத் திறந்து உழைத்த எல்லா ஆண்டும் பதிவாகியுள்ளதா என்று பார்ப்போம். குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதிருப்போம். ஊர்க் காணி உறுதியைத் தேடி எடுத்து, உரித்துகளை எங்கள் காலத்திலேயே எழுதி முடிப்போம். ஒரேயடியாக வீட்டை விற்றுவிட்டுப் போகாமல், முதலில் ஆறு மாதம் ஊரில் வாழ்ந்து செலவை எழுதிப் பார்ப்போம்.

ஒருமுறை திட்டமில்லாமல், கையில் ஒரு பையோடு நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் நாம். இரண்டாவது இடப்பெயர்வையாவது கணக்குப் பார்த்துச் செய்வோம்.