பிறிட்ஜில் பைப் பூட்டப் போன கதை

எங்கட வாசிப்பு அறையின் மூலையில் ஒரு பழைய பிறிட்ஜ் நிக்குது. தோழர் ஒருவரின் வீட்டில் புதுசு வாங்கினபோது "வேணுமெண்டால் கொண்டு போங்கோ" என்று தந்தது. 2022இல் கரண்ட் மணித்தியாலக்கணக்கில் நிண்டுபோன நாட்களில் பிளக்கைக் கழட்டினோம். அதுக்குப் பிறகு பூட்டவேயில்லை. இப்ப அதுக்குள்ள சஞ்சிகைகளும் பழைய துண்டுப்பிரசுரங்களும்தான் இருக்கு. யாழ்ப்பாணத்தில் பழைய பிறிட்ஜ் அலுமாரியாகிறது ஒண்டும் புதினமில்லை.

போன மாதம் எங்களில் ஒருவர் ஒரு வீடியோ காட்டினார். ஒரு அமெரிக்கர் தன்ர கராஜில் இதே மாதிரி ஒரு பழைய பிறிட்ஜை வீட்டு பியர் பாராக மாற்றுகிறார். கதவில் ஒரு ஓட்டை, ஓட்டையில் ஒரு பைப், உள்ளே ஒரு பீப்பாய். கைப்பிடியை இழுத்தால் நுரையோடு பியர் வருது. "நாங்களும் செய்வம்" என்று உடனே முடிவெடுத்தாச்சு. அந்த முடிவு எங்களைக் கொண்டுபோய் விட்ட இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வேலையைச் சொல்லுவோம். உள்ளே வைக்கிறது கிட்டத்தட்ட 19 லீற்றர் பிடிக்கிற உருக்குப் பீப்பாய். இது பியருக்காகச் செய்யப்பட்டதே இல்லை. அமெரிக்காவில் சோடாக் கொம்பனிகள் பானம் அனுப்பப் பாவித்தது. அவை பெட்டிக்குள் பையில் அடைக்கிற முறைக்கு மாறினதும் பீப்பாய்கள் மலிவாக வெளியில் வந்தன; வீட்டில் பியர் வடிக்கிறவை அள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் ஒரு காபனீரொட்சைட்டு சிலிண்டர். அதுக்குள்ள அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 800 இறாத்தலுக்கும் மேல். பியருக்குத் தேவை 10 இலிருந்து 12 வரைதான். இடையில் நிண்டு அதைக் குறைக்கிறது ஒரு றெகுலேற்றர். அது இல்லாமல் ஆரும் விளையாடக்கூடாது. வெப்பநிலை 3, 4 பாகை செல்சியஸ். அதுக்கு மேல போனால் கோப்பை முழுக்க நுரைதான்.

ஓட்டையைக் கதவில்தான் போடவேணும். பக்கச் சுவருக்குள் காஸ் ஓடுகிற குழாய்கள் இருக்கலாம். ட்றில் பட்டால் பிறிட்ஜ் அவ்வளவுதான். புது பிறிட்ஜுகள் பலதில் இருக்கிறது தீப்பிடிக்கிற காஸ். மிகப் பழையதில் இருந்தது ஓசோனைத் தின்கிற காஸ். இரண்டையும் வெளியில் விடக்கூடாது. சிலிண்டர் ஒழுகினால் பூட்டின அறையில் மூச்சடைக்கும். இரண்டு கிழமைக்கு ஒருக்கா ரியூப்பைக் கழுவாவிட்டால் பியர் புளிக்கும். வீடியோவில் பத்து நிமிசத்தில் முடிஞ்ச வேலை, உண்மையில் கவனமும் துப்பரவும் கேட்கிற வேலை.

பிறிட்ஜ் திருத்துகிற அண்ணை ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். தட்டிப் பார்த்தார், பிளக்கைப் பூட்டிப் பார்த்தார். "கொம்பிறசர் நல்லாத்தான் இருக்கு, காஸ் அடிச்சால் ஓடும்" என்றார். பிறகு கேட்டார்:

"தம்பியவை, இதுக்குள்ள என்னத்தை வைக்கப் போறியள்?"

"பியர் அண்ணை."

"பீப்பாய் பியர் ஆர் உங்களுக்குத் தரப்போகினம்?"

எங்களிட்டப் பதில் இல்லை. கடையில் கிடைக்கிறது போத்தலும் ரின்னும். வீட்டில் வடிச்சால் அது குற்றம். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் இருக்கு; அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுவகை செய்யேலாது. அண்ணை சாமான்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அப்ப கள்ளை வையுங்கோவன்."

நாங்கள் எல்லாரும் சிரிச்சோம். அவர் சிரிக்கவில்லை.

ஏன் சிரிச்சனாங்கள் என்று பிறகுதான் யோசிச்சோம். பியர் என்றால் அது ஒரு செயற்றிட்டம், படம் எடுத்துப் போடலாம். கள்ளு என்றால் பகிடி. இரண்டும் நொதிச்ச பானம்தான். ஒண்டு வாற்கோதுமையில் இருந்து வருது, மற்றது பாளையில் இருந்து வருது. ஆனால் ஒண்டு கராஜுக்கும் ஹோட்டலுக்கும் உரியது, மற்றது தவறணைக்கு உரியது. இந்தப் பிரிவினை ருசியில் இருந்து வரவில்லை. மரம் ஏறுகிறவரை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கப் பழகினோமோ, அங்கயிருந்துதான் அது வருது. சாதி எங்களிட்ட இல்லை என்று எழுதுகிற நாங்களே அந்தச் சிரிப்பைச் சிரிச்சோம்.

அமெரிக்காவிலும் கராஜ் பியர் எப்பவும் கௌரவமாக இருக்கவில்லை. 1933இல் மதுவிலக்கு முடிஞ்சபோது வீட்டில் வைன் செய்ய இடம் கிடைச்சது, பியருக்குக் கிடைக்கவில்லை. 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டத்தோடுதான் அது மாறியது. விற்காமல், தங்கட பாவனைக்கு, வளர்ந்தவர் ஒருவர் இருக்கிற வீட்டுக்கு வருசம் 100 கலன். இரண்டு பேரோ அதுக்கு மேலோ என்றால் 200 கலன். அப்படியும் மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை இழுத்தடிச்சன. சட்டம் விட்ட அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் பழைய பிறிட்ஜும் சோடாப் பீப்பாயும் புகுந்தன. 1980இல் கலிபோர்னியாவில் சியரா நெவாடா என்ற வடிசாலையைத் தொடங்கினவர்கள் பாற்பண்ணைகளின் பழைய பாத்திரங்களைக் கொண்டுதான் அதைக் கட்டினார்கள். சின்ன உற்பத்தியாளரை நம்பினால் என்ன நடக்கும் என்றதுக்கு அது ஒரு உதாரணம்.

இதைச் சொன்னதும் எங்கட தோழி ஒருவர் குறுக்கிட்டார். "வீட்டுக்குள்ள நிப்பாட்டாமல் ஊத்துற பைப் வந்தால் ஆர் பாடுபடுறது? எங்கட அப்பா போத்தலோட வந்த நாட்களிலயே நாங்கள் பக்கத்து வீட்டில படுத்தனாங்கள். இதுக்கு நீங்கள் சுதந்திரம் எண்டு பேர் வைக்காதேங்கோ." அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அவர் சொன்னது சரி. அமெரிக்கச் சட்டத்தை அப்படியே இங்க கொண்டுவா என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கட வீடுகளில் குடி செய்த அழிவை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம். வீட்டு பியர் பைப் எங்களுக்கு வேண்டாம்.

ஆனால் தவறணைக்கு அந்த பிறிட்ஜ் வேணும். இதுதான் எங்கட கருத்து.

கள்ளுக்கு ஆயுள் குறைவு. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் இனிப்பான கருப்பணி. பூசாவிட்டால் மரத்தில் தொங்கும்போதே நொதிக்கத் தொடங்கும். காலையில் இறக்கினது பின்னேரம் புளிச்சுப்போகும். வெயிலில் பிளாஸ்ரிக் கானுக்குள் நிண்டால் இன்னும் கெதியாக. விக்காமல் மிஞ்சினால் நட்டம் தொழிலாளிக்கும் சங்கத்துக்கும்தான். கூட்டுறவுச் சங்கங்கள் போத்தலில் அடைக்கின்றன, நல்லது. ஆனால் கெட்டுப்போகாமல் இருக்கச் சூடாக்கின கள்ளு வேற, மரத்தடிக் கள்ளு வேற. குடிச்சவைக்குத் தெரியும்.

குளிர் நொதித்தலை நிப்பாட்டாது, மெதுவாக்கும். நல்லா வடிச்ச கள்ளை மூடின உருக்குப் பாத்திரத்தில் விட்டு, பழைய பிறிட்ஜுக்குள் வைச்சு, கதவில் பைப் பூட்டினால் ஈ மொய்க்காது, கை படாது, பின்னேரம் வாறவருக்கும் புளிக்காத கள்ளு கிடைக்கும். இதுக்கு சிலிண்டர்கூடத் தேவைப்படாமல் போகலாம். கள்ளே தன்ர காஸை உண்டாக்கும். அதனாலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கு. மூடின பாத்திரத்துக்குள் அந்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மேலதிக அழுத்தத்தைத் தானாக வெளிவிடுகிற வால்வு கட்டாயம் வேணும். மண்டி ரியூப்பை அடைக்கும் என்றதால் தினமும் கழுவவேணும். ஆகவே இது வீட்டில் தனியாளாய்ப் பரீட்சித்துப் பார்க்கிற விசயமில்லை. அனுமதி பெற்ற சங்கமும், தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளும், சீவல் தொழிலாளர்களும் ஒரு மேசையில் இருந்து செய்யவேண்டியது. வருகிற மிச்ச வருமானம் ஆருக்குப் போகுது என்றதை முதலே எழுதி வைக்கவேணும். காலையும் மாலையும் தளநாரோடு மரம் ஏறுகிறவருக்கு அது போகாவிட்டால் பைப் பூட்டி என்ன பிரயோசனம்?

"அப்ப குடியை அழகாக்கிக் காட்டுறியளோ?" என்று கேட்பீர்கள். கள்ளுக்குச் சுத்தமான இடம் இல்லாமல் போனால் ஊர் குடியை விட்டுவிடாது. கசிப்புக்கும் வடிச்ச சாராயத்துக்கும்தான் போகும். அந்தக் காசும் ஊரில் தங்காது. தவறணைக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கட்டும், பொறுப்பு இருக்கட்டும். அதோட துப்பரவும் மரியாதையும் இருக்கட்டும் என்கிறோம்.

பிறிட்ஜ் அண்ணைக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. சஞ்சிகைகளை வெளியில் எடுத்து அடுக்கியாச்சு, காஸ் அடிக்கக் காசும் சேர்த்தாச்சு. ஓடத் தொடங்கினதும் எந்தச் சங்கமாவது பரீட்சித்துப் பார்க்கக் கேட்டால் கொண்டுபோய் இறக்கித் தருவோம். ஓட்டை போடுகிற அண்டைக்கு அண்ணையையும் கூப்பிடுவோம். சிரிச்சதுக்கு மன்னிப்பும் கேட்கவேணும்.