பழமையை உரைத்துப் பார்க்கும் கோப்பை



தேயிலை பழையதானால் மணம் குன்றிவிடும் என்பதே நாம் அறிந்தது. சீன நாட்டின் தென்மேற்கிலுள்ள யுன்னான் மாநிலத்தில் விளையும் பூஅர் தேயிலையோ, பத்து இருபது ஆண்டுகள் கிடந்த பின்னரே மதிப்புப் பெறுகிறது. நாம் பாலூற்றி அருந்தும் தேயிலை காற்றுப்பட்டுக் கறுத்தது. அதனைச் சீனர் செந்தேயிலை என்பர். அவர்கள் கருந்தேயிலை என்று சொல்வது வேறு. நம் வீட்டு மாவு போல் நுண்ணுயிர்களால் உண்மையாகவே புளித்து மாறுவது அது. பூஅர் அவ்வினத்தோடு சேர்த்து எண்ணப்படுகிறது.

இலையை வாட்டி, பிசைந்து, வெயிலில் உலர்த்தி, நீராவியில் இளக்கி, வட்ட அடையாக அழுத்துவர். ஓர் அடை வழக்கமாக 357 கிராம் நிறையுடையது. ஏழு அடைகளை மூங்கில் மட்டையில் பொதிந்து ஒரு கட்டாக்குவர். முற்காலத்தில் திபெத்துக்கு விலங்குகளின் முதுகில் மலைவழியே சென்ற சரக்கன்றோ!

இளம் அடை கசக்கும்; துவர்க்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்புத் தணிந்து, பழமரமும் கற்பூரமும் கலந்தாற்போன்ற மணம் பிறக்கும். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாத சந்தைக்காக, 1973ஆம் ஆண்டில் குன்மிங் தேயிலை ஆலையில் வேறொரு முறை உருவாயிற்று. இலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடிவைத்து, ஏறத்தாழ ஒன்றரை மாதம் புளிக்கவிடுவர். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. எளியோரும் வாங்கத்தக்க நல்ல பானம் அதனால் கிடைத்தது. அதையே முப்பது ஆண்டுப் பழையது என்று உறையில் அச்சிடும்போதுதான் வஞ்சகம் தொடங்குகிறது. 2007இல் பூஅர் விலை வானளாவ ஏறிச் சரிந்தபொழுது, சேமிப்பைக் கொட்டி வாங்கிக் குவித்தோர் பலர் நட்டமுற்றனர்.

ஆகவே உறையை விடுத்துக் கோப்பையைக் கேட்போம். மூடியுள்ள சிறு கிண்ணத்தில் ஏழு கிராம் இலையிட்டு, 100 மில்லிலிட்டர் கொதிநீர் வார்த்து, அம்முதல் நீரை உடனே கொட்டிவிடுக. மறுபடி வார்த்துப் பத்து நொடியில் வடித்துக்கொள்க. பிறகு ஒவ்வொரு முறையும் சிறிது கூடுதலாக ஊறவிடலாம். நல்ல இலை பத்து முறைக்கும் ஈடுகொடுக்கும். பாலும் சர்க்கரையும் சேர்த்தாலோ சோதனை அத்துடன் முடிந்தது!

இயல்பாக முதிர்ந்ததன் சாறு செம்பழுப்பாகத் தெளிந்திருக்கும். விழுங்கிய பின் தொண்டையில் இனிப்பு ஊறும். ஊறிய இலையும் மென்மையாக விரியும். குவித்துப் புளிக்கவைத்ததன் சாறு காப்பிபோல் கறுத்திருக்கும், இலை கருநிறமாயிருக்கும். அண்மையில் செய்ததாயின் மீன் வாடைகூட வீசும். பூசண நாற்றமெனில், எத்தனை ஆண்டுப் பழையதாயினும் எறிந்துவிட வேண்டியதே.

வைப்பதிலும் கவனம் வேண்டும். ஈரம் மிகுந்தால் பூசணம் பிடிக்கும். மிகவும் உலர்ந்தால் முதிர்வு நின்றுபோகும். வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது. மிளகாயும் ஊதுவத்தியும் இருக்கும் அலமாரியில் வைத்தவர், பின்னாளில் அவற்றின் மணத்தையே அருந்த நேரும்.