பிழையை யாரிடம் சொல்வது?

பிழையே நேராத நிரல் எழுதுவேன் என்று எவரும் சூளுரைக்க முடியாது. ஆனால், நேரும் பிழையை யாரிடம், எவ்வாறு சொல்வது என்று முன்கூட்டியே எண்ணி எழுத எல்லோராலும் முடியும். இந்த இரண்டாவது கடமையைக் கணினி பயிலும் நாம் பொருட்படுத்துவதே இல்லை என்பது என் கருத்து.

பி.எச்.பி. மொழியையே எடுத்துக்கொள்வோம். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்ட இம்மொழி, இன்றும் எண்ணற்ற இணையத்தளங்களை இயக்குகிறது. பிழைகளைத் திரையில் காட்டும் அமைப்பை அணைக்காமல் விட்டால், கோப்பு இருக்கும் இடம், வரி எண் அனைத்தையும் வருவோர் போவோரிடமெல்லாம் அது சொல்லிவிடும். எழுதியவருக்கு அது வழிகாட்டி. பயனருக்குப் புரியாத மிரட்டல். தீய எண்ணத்தோடு வருபவனுக்கோ வீட்டின் வரைபடம்!

இதற்கு அஞ்சிச் சிலர், வரியின் முன்னே 'அட்' குறியை இட்டுப் பிழையின் வாயை அடைத்துவிடுகிறார்கள். இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையன்றி வேறென்ன? 2020-இல் வந்த 8-ஆம் பதிப்பு, நிரலையே நிறுத்திவிடும் கொடிய பிழைகளை இக்குறியால் மறைக்க முடியாதபடி செய்துவிட்டது.

நேர்மையான வழி ஒன்று உண்டு. நாமே எழுதிய செயற்கூறு ஒன்றை 'செட் எர்ரர் ஹேண்ட்லர்' என்பதிடம் ஒப்படைத்தால், எச்சரிக்கை எழும்போதெல்லாம் பிழையின் வகை, செய்தி, கோப்பு, வரி எண் ஆகியவற்றை அது நம் கையில் கொடுக்கும். முழு உண்மையைப் பதிவேட்டில் எழுதி, அதற்கு ஓர் எண் இட்டு, அந்த எண்ணைப் பயனரிடம் கொடுக்கலாம். இதுவும் சர்வரோக நிவாரணி அன்று. நினைவகம் தீர்ந்து நிரல் நின்றுபோனால் இச்செயற்கூறு அழைக்கப்படாது. அதற்கு, நிரல் முடியும் வேளையில் இயங்கும் 'ஷட்டவுன்' செயற்கூறு ஒன்றையும் பதிவு செய்துவைக்க வேண்டும்.

கடைசி நாள் மாலையில் தேர்வுக் கட்டணம் கட்டிய ஒரு மாணவியின் முன் வெற்றுத் திரை நின்றால் அவள் என்ன நினைப்பாள்? பணம் போயிற்றா? மறுபடி கட்டுவதா? "பதிவு முடியவில்லை, மீண்டும் பணம் கட்ட வேண்டாம், இந்த எண்ணைச் சொல்லி அலுவலகத்தில் கேளுங்கள்" என்ற ஒற்றை வாசகம் அவளுடைய ஓராண்டைக் காக்கக்கூடும்.

"தேர்வில் வராததை எதற்கு எழுதுவது?" என்கிறார்கள் நண்பர்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆய்வகத்தில் சரியான விடை வந்தாலே மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: செய்முறைத் தேர்வில் தரவுத்தளத்தை ஒருமுறை நிறுத்திவிட்டு எங்கள் நிரலை இயக்கிப் பாருங்கள். அப்போது அது என்ன பேசுகிறது என்பதற்கும் ஐந்து மதிப்பெண் ஒதுக்குங்கள்.

மாணவத் தோழர்களே, பயனரிடம் பணிவும் பதிவேட்டில் உண்மையும் நம் நிரல்களின் இலக்கணம் ஆகட்டும்!

— மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்