பரீட்சையோடு முடியும் இணையப் பக்கங்கள்

க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் இணையத்தள உருவாக்கமும் ஓர் அலகு. மாணவர்கள் எச்.ரி.எம்.எல். படித்து ஒரு பக்கத்தைச் செய்கிறார்கள். புள்ளி கிடைத்ததும் அதன் தேவை முடிந்துவிடுகிறது.

இதே பயிற்சியை வரலாற்றுப் பாடத்தோடு இணைத்தால் நிலைமை மாறும். இன்றைய உயர்தர மாணவர்கள் 2009ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். போரைப் பெரியவர்களின் பேச்சில்தான் அறிந்தவர்கள். தங்கள் ஊர் எப்போது இடம்பெயர்ந்தது, எந்தக் காணி இன்னும் விடுவிக்கப்படவில்லை, பாடசாலை எங்கெங்கே இயங்கியது என்பதை ஒரு வகுப்பு கேட்டுப் பதியலாம். அடுத்த வகுப்பு அதைப் படித்து, பிழை திருத்தி, விடுபட்டதைச் சேர்க்கலாம். அப்போது மாணவர் செய்த பக்கமே அடுத்தவர்களுக்குப் பாடநூலாகும்.

1981இல் யாழ். பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகத்துக்கு இது சிறிய விடயமல்ல.

ஆனால் ஆபத்தும் உண்டு. முகநூல் பதிவுகளுக்காகவே தமிழ் இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகியிருக்கிறார்கள். நினைவைப் பதியும் பொறுப்பைப் பதினேழு வயதுப் பிள்ளையின் தோளில் மட்டும் ஏற்ற முடியாது. மாணவர் பெயரும் சாட்சி சொன்னவரின் படமும் சம்மதமின்றி வெளிவரக்கூடாது. எதை இணையத்தில் ஏற்றுவது, எதைப் பாடசாலைக்குள் வைத்திருப்பது என்பதை ஆசிரியரும் பெற்றோரும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். வெளியிட முடியாததற்கும் பிரதியொன்று பாதுகாப்பாக இருக்க வேண்டும். சொல்லக்கூடிய முதியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருக்கிறார்கள்.