பழைய எஞ்சினும் என் எக்ஸெல்லும்

குமரிக் கடற்கரையில சித்தப்பா தன் வள்ளத்தோட பழைய 9.9 எச்.பி. எஞ்சினை விக்கணும்னார், தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்காக. "படிச்சவன்தானே மக்கா, ஒரு வெலை போடு". பொட்டி தட்டுறவனாச்சே, வருஷத் தேய்மானத்தை எக்ஸெல்ல கழிச்சு ஒரு விலை சொன்னேன்.

வாங்க வந்தவரோட மெக்கானிக் வருஷமே கேக்கலை. கம்ப்ரெஷன் பார்த்தார், ரெண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள்ள. கியர் ஆயிலை இறக்கினார். பால் மாதிரி வெளுத்திருந்தா சீல் வழியா தண்ணி புகுந்திருக்குன்னு அர்த்தமாம். இதுல வெளுப்பே இல்லை.

கரையேறினதும் நல்ல தண்ணியில ஓடவிட்டு உப்பைக் கழுவுறது சித்தப்பா வழக்கம். என் கணக்கைவிட கூடவே கொடுத்தாங்க. எக்ஸெல்லை நம்பியிருந்தா நஷ்டம் தங்கச்சிக்கு! என்னைக் கேட்டா, பராமரிப்பைப் பார்க்காம எஞ்சினுக்கு விலை போடவே கூடாது. நீங்க என்ன சொல்றீங்க மக்கா?