கினிக்கோழி எப்போது முட்டையிடும்?



யாழ்ப்பாணம் சோனகதெருவிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, 2009இல் போர் முடிந்த பிறகு சொந்த வளவுக்குத் திரும்பிய குடும்பம். பற்றை மண்டிய வளவில் பூச்சியும் பாம்பும் இருக்கும் என்ற பயத்தில் ஆறு கினிக்கோழிக் குஞ்சுகளை வாங்கி வளர்த்தாராம்.

"ராத்தா, ஆறு மாதமாகிவிட்டது. ஒரு முட்டைகூடக் கண்டதில்லை. தீனிக் காசுதான் வீண், அறுத்துவிடுவோம் என்கிறார் இவர். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி! அவசரப்பட்டுக் கத்தியை எடுக்க விடாதீர்கள்.

ஊர்க்கோழி ஐந்தாறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். கினிக்கோழிக்கு ஏழெட்டு மாதமாவது ஆக வேண்டும். வயது வந்தாலும் பருவம் வர வேண்டும். அது ஆண்டு முழுவதும் இடும் பறவை அல்ல. பகல் நீளும் காலமும், மழை பெய்து புல்லும் புழுவும் பெருகும் காலமுமே அதற்கு முட்டைக் காலம். அதன் தாயகமான ஆபிரிக்காவில் மழையோடு தொடங்கும். வட இந்தியாவில் மார்ச் முதல் செப்டெம்பர் வரை இடும். பரேலிக்கு அருகே இஸத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் காதம்பரி, சித்தம்பரி, ஸ்வேதாம்பரி என்ற இனங்களை உருவாக்கியிருக்கிறது. நன்கு பராமரித்தால் ஒரு பேடு ஆண்டுக்குச் சுமார் 100 முட்டை வரை இடும்.

யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான். ஆகவே வட நாட்டுக் கணக்கை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வளவில் முதல் முட்டை கண்ட நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதுவே உங்களுக்கு வழிகாட்டும்.

முதலில், ஆறில் பேடு எத்தனை என்று பாருங்கள். பேடு இரண்டு அசையாக விட்டுவிட்டுக் கத்தும். சேவல் ஒற்றை ஒலியை மட்டுமே திரும்பத் திரும்ப எழுப்பும். சேவலின் தாடி பெரிதாக இருக்கும். ஒரு சேவலுக்கு நாலைந்து பேடு போதும்.

அடுத்து, முட்டை உங்களுக்குத் தெரியாமலே இடப்படுகிறதா என்று தேடுங்கள். கினிக்கோழி கூட்டில் இடாது. கிடுகு வேலியோரம், வடலிப் பற்றை, ஓலைக் குவியல் என்று மறைவான இடம் தேடிப் போகும். பல பேடுகள் ஒரே குழியில் இடுவதும் உண்டு. மதிய நேரத்தில் ஒரு பேடு காணாமல் போனால் பின்னாலேயே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்குப் பிறகே இடும் என்பதால், பிற்பகல் இரண்டு மணி வரை அடைத்து வைத்துத் திறந்துவிட்டால் முட்டைகள் கூட்டிலேயே கிடைக்கும். வெளியே குழி கண்டால் எல்லாவற்றையும் அள்ளிவிடாதீர்கள். பேடு இடத்தை மாற்றிவிடும். மூன்று நான்கு முட்டைகளில் பென்சிலால் அடையாளமிட்டு விட்டுவிட்டுப் புதியவற்றை மட்டும் எடுங்கள்.

இனி முக்கியமான விடயம். இந்தக் குஞ்சுகளுக்கு முதல் எதிரி ஈரம். பனியில் நனைந்த புல்லில் நடந்தாலே விறைத்துச் செத்துப்போகும். தாய்க் கினிக்கோழியோ குஞ்சுகளை ஈரப் புல்லில் இழுத்துக்கொண்டு திரியும். நம் குடாநாட்டில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரைதான் பெருமழை. அந்த மாதங்களில் கிடைக்கும் முட்டைகளைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுங்கள். மழை ஓய்ந்த பிறகு கிடைப்பவற்றை அடைகிடக்கும் ஊர்க்கோழியின் கீழ் வையுங்கள். ஊர்க்கோழி முட்டைக்கு 21 நாள். இதற்கு 26 முதல் 28 நாள். 21 நாளில் பொரிக்கவில்லையென்று கூமுட்டையாக எண்ணி வீசிவிடாதீர்கள்!

பொரித்த குஞ்சுகளை இரண்டு மூன்று வாரம் உலர்ந்த இடத்தில் சூடாக வையுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிவிடும். தீனியோடு கறையானும் கொடுத்தால் நன்றாக வளரும்.

சகோதரி, உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: முட்டையிடாத நாளிலும் இவை சும்மா இருக்கவில்லை. பூச்சியைப் பொறுக்குகின்றன, பாம்பைக் கண்டால் கூட்டமாகக் கத்திக் காட்டிக்கொடுக்கின்றன. சொந்த வளவுக்காக இருபது ஆண்டு பொறுத்த குடும்பம், ஒரு முட்டைக்காக இன்னும் சில மாதம் பொறுக்காதா?

முதல் முட்டை கிடைத்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.